மாப்பிள்ளை கேட்ட ஒரு கேள்வியும் ஐந்து எலுமிச்சம்பழமும்

பாபநாசம் வட்டம்,
ஐப்பசி 9, காலை பத்து மணி.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜோசப்ராஜ் அவர்களுக்கு, மாமனார் கண்ணுசாமி, உதவி வேளாண்மை அலுவலர் (ஓய்வு), வணக்கத்துடன் எழுதுவது.

ஓசூரில் தாங்களும் என் மகள் கயல்விழியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் வலது மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று அறிய மிகவும் ஆவலாக உள்ளேன். இந்த ஆவலுக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கே மழை சுமார். நெல் நலம். கயல்விழியின் தாயார் அம்சம் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளும் நலம். நான் நலமாக இல்லை.

பொருள்: மடக்குக் கத்திக்கு எஃகு தேர்வு செய்தல் – பதில் அனுப்பத் தாமதம் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் வாட்ஸ்அப் செய்தி, ஆனி 28.

மேற்படி செய்தியைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை. "மாமா, உங்க பழைய கத்தி வாய்க்கால்ல விழுந்துடுச்சுன்னு கயல் சொன்னா. நான் ஒண்ணு வாங்கித் தரேன். எந்த ஸ்டீல்ல வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று எழுதி, அதன் கீழே ஐந்து பெயர்களைக் கொடுத்திருந்தீர்கள். டி2, விஜி10, எஸ்30வி, 14சி28என், 1095. இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர் நீங்கள், உங்களுக்கு இதெல்லாம் வீட்டு மளிகைச் சாமான் மாதிரி. நான் அதை வந்த நிமிஷமே படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு உங்கள் போனில் விழுந்திருக்கும். அதற்கப்புறம் மூன்றரை மாதமாக என்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்றால் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "கிழவனுக்கு இன்னும் திமிர் அடங்கவில்லை" என்றுதான் நினைத்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாகவே நினைப்பேன்.

நடந்தது அதுவல்ல. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "சாப்பிட்டீங்களா", "பஸ் கெடச்சுதா" என்பவற்றை நான் கேள்வியாகச் சேர்க்கவில்லை. முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். மாப்பிள்ளை விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகப் பதில் சொன்னவன் நான். கயல்விழி உங்களைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு, யோசிக்காமல், எழுந்து நின்றுகொண்டு, "முடியாது" என்றேன். அந்தப் பதிலைத் தயாரிக்க எனக்கு அரை வினாடி ஆனது. அதனால் இந்தப் பதிலுக்குத் தேவையான நேரம் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அந்தப் பழைய கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அது முப்பத்திரண்டு வருஷம் என் சட்டைப் பையில் இருந்தது. நெல் தூரைப் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்ப்பது, விதை மூட்டையின் தையலை அறுப்பது, பென்சில் சீவுவது, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனி மாதம் மதகில் அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையைக் குனிந்து அறுத்தபோது கை நழுவிப் போய்விட்டது. அது என்ன எஃகு என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. தீட்டினால் வெட்டியது, வெட்டவில்லையென்றால் தீட்டினேன். நீங்களும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் நான் அந்தக் கத்தியால் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு பழம் நறுக்கினேன். ஒருத்தரும் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. அன்றைக்கு நான் நிமிரவேயில்லை என்று அம்சம் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவேனோ என்று இருந்தது, மாப்பிள்ளை. ஒரே பெண். இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1095 என்பதைப் பார்த்ததும் எனக்கு நெல் ரகம்தான் கண்முன் வந்தது. சி.ஆர். 1009, ஆடுதுறை 36, கோ 51 என்று எண்களோடு வாழ்ந்தவன் நான். எந்த எண்ணுக்கு எத்தனை நாள் வயது, எது தண்ணீர் தாங்கும், எது காற்றுக்குச் சாயும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐந்தே ஐந்து எஃகு, இதில் என்ன கஷ்டம் என்று இன்டர்நெட்டைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. ஒரு ஆள் டி2தான் முனை மழுங்காது என்கிறான். இன்னொருத்தன் அது முழுத் துருப்பிடிக்காத எஃகும் இல்லை, முழுத் துருப்பிடிக்கும் எஃகும் இல்லை, ரெண்டுங்கெட்டான் என்கிறான். எஸ்30வி பிரமாதம், ஆனால் மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்டி மாளாதாம். விஜி10 நன்றாகத் தீட்டலாம், ஆனால் முனையில் பல் பல்லாக உடையுமாம். 1095 நன்றாகத் தீட்டலாம், உடையாது, ஆனால் பக்கத்தில் நின்று தும்மினால் துருப்பிடிக்குமாம். கடினம் கூடினால் வலு குறையும், வலு கூடினால் கூர் குறையும். எல்லாக் குணமும் ஒரே ரகத்தில் கிடைக்காது என்று முப்பத்திரண்டு வருஷம் விவசாயிகளுக்கு நான் சொன்ன அதே வார்த்தையை எவனோ அமெரிக்காக்காரன் எனக்கே சொன்னான். விவசாயிகள் ஏன் என்னை அப்படி முறைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு வீடியோவில் ஒரு ஆள் கூர் பார்க்கிறேன் என்று அட்டைப்பெட்டியை நாற்பது நிமிஷம் விடாமல் வெட்டுகிறான். நம் ஊரில் ஒரு மனுஷன் அப்படி வெட்டினால் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவார்கள். நான் வெட்டுவது வாழையிலை, பச்சை மாங்காய், நனைந்த சணல் கயிறு. அதுவும் ஐப்பசி மழையில். இதையெல்லாம் அவர்களில் ஒருவனும் சோதித்ததாகத் தெரியவில்லை. சுவாமிமலைக்குப் போய்ச் சிலை வார்க்கிற ஒருவரிடம் கேட்டேன். உலோகத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள் ஆயிற்றே என்று. "சாமிக்கு என்ன சேக்கணும்னு கேளுங்க, சொல்றேன். கத்திக்கெல்லாம் எங்க வீட்டுல கேக்காதீங்க" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியூர் ரகம் எதையும் உள்ளூர்த் திடலில் நட்டுப் பார்க்காமல் சிபாரிசு செய்யக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. நானே நட்டுப் பார்ப்பது என்று அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸில் தீர்மானித்தேன்.

கயல்விழியோடு கல்லூரியில் படித்த ஹுமைராவை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்திருந்தாள். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் ஐந்து எஃகிலும் ஒவ்வொரு சின்னக் கத்தி வரவழைத்துத் தரச் சொன்னேன். "அங்கிள், ஒரு ஆளுக்கு எதுக்கு அஞ்சு?" என்று கேட்டாள். "ஆய்வுக்கும்மா" என்றேன். ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் அம்சம் ஐந்தையும் வரிசையாகப் பார்த்தாள். "மாப்பிள்ள வாங்கித் தரப்போற ஒரு கத்தி எதுன்னு தெரிஞ்சுக்க அஞ்சு கத்தி வாங்கியிருக்கீங்க. இப்ப உங்ககிட்ட அஞ்சு இருக்கு. அவரு என்னத்துக்கு ஆறாவது வாங்கணும்?" என்றாள். அறிவியல் அணுகுமுறையை அவளுக்கு விளக்க முயன்றேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இனி நான் எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு படியிலும் நான் செய்தது விதிப்படி சரியானது. எஃகை அரிப்பது ஈரமும் புளிப்பும். இரண்டும் சேர்ந்து எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது. சட்டைப் பையில் ஐந்து வருஷத்தில் நடப்பது எலுமிச்சம்பழத்துக்குள் பதினைந்து நாளில் நடந்துவிடும் என்பது என் கணக்கு. எனவே ஐந்து முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, ஒவ்வொரு பழத்திலும் ஒரு கத்தியைக் குத்தி நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் வெயிலும் மழையும் சமமாகப் பட வேண்டும் என்பதற்காக நிழலே இல்லாத இடமாக, என் மூன்று மா நிலத்துக்கும் பக்கத்து வயல்காரன் மருதையன் நிலத்துக்கும் நடுவே உள்ள வரப்பில் வைத்தேன். காக்கை தள்ளிவிடாமல் இருக்க நூலால் கட்டினேன். அம்சத்தின் தையல் பெட்டியில் சிவப்பு நூல்தான் இருந்தது. செயல்விளக்கத் திடல் என்றால் அட்டை தொங்கவிட வேண்டும், அட்டையில் விவசாயி பெயர் இருக்க வேண்டும். வரப்பு அளவையில் மருதையன் பக்கம் சேர்ந்தது என்பதால் ஐந்து அட்டையிலும் "பெயர்: மருதையன்" என்று எழுதினேன். அதன் கீழே "வைத்த நாள்" என்று தேதி. அதன் கீழே "முடிவு தெரியும் நாள்: 15". காலண்டரில் நான் பார்த்தது மழை வருமா என்பதைத்தான். ஆவணி அமாவாசை என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது.

இதை இப்போது எழுதும்போது எனக்கே விளங்குகிறது. அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் போய்ப் பழத்தைச் சுற்றி உட்கார்ந்து, உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் வாயை அசைத்ததைப் பார்த்த சாட்சிகள் நாலு பேர் பிற்பாடு கிடைத்தார்கள்.

அமாவாசை அன்றைக்கே மருதையன் வயலில் குறுவை அறுக்க வந்த செயின் வண்டி சேற்றில் இறங்கிச் செயின் அறுந்து போயிருக்கிறது. வேறு வண்டி கிடைக்கவில்லை. நெல் சாய்ந்துவிட்டது. நாலாம் நாள் வரப்பு வழியாக வந்தவன் ஐந்து பழத்தையும், அதில் குத்தியிருக்கிற கத்தியையும், சிவப்பு நூலையும், தன் பெயரையும் பார்த்தான். அவன் கத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். பிறகு நாலு பேர் கைத்தாங்கலாக ரேஷன் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரே கூடிவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள்.

"கண்ணுசாமி அண்ணே" என்றான் மருதையன். "நமக்குள்ள வரப்புத் தகராறுகூட வந்ததில்ல. நீங்க சொன்ன வெதையத்தான் போட்டேன். நீங்க சொன்ன மருந்தத்தான் அடிச்சேன். எனக்கு எதுக்குண்ணே இத வெச்சீங்க?"

அவன் அழுதுவிடுவான் போல இருந்ததால் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அவனைத் தேற்ற வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில், கூட்டம் முழுவதும் கேட்கும்படி, வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய முட்டாள்தனமான வாக்கியத்தைச் சொன்னேன். "மருதையா, இது உனக்கு இல்லப்பா. இது முழுக்க முழுக்க என் மாப்பிள்ளைக்காகச் செஞ்சது."

ரேஷன் கடையில் எடைபோடுகிறவர்கூடத் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மருதையன் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "அப்ப எனக்கு இல்லியா?" என்றான். "இல்லப்பா" என்றேன். "எம்பேரு எழுதியிருக்கே?" "அது வெச்ச எடத்துக்கு அடையாளம்." அவன் பெருமூச்சு விட்டு என் தோளைத் தட்டினான். "சரிண்ணே. அது உங்க குடும்ப விஷயம். நான் தலையிடல. ஆனா எவ்வளவு கோவம் இருந்தாலும் ஒரு மாப்பிள்ளைக்கு அஞ்சு ரொம்ப அதிகம்ணே."

நான் எஃகு, குரோமியம், அமிலம் என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்லக் கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்து, ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் தீரும் என்று ஐந்து கத்தியையும் பழத்தோடு குடமுருட்டி ஆற்றில் விட்டுவிட்டார்கள். பதினைந்து நாள் ஆய்வு நாலாம் நாளில் முடிந்தது. அட்டைகளை மட்டும் திருப்பிக் கேட்டேன். கேட்டதும் தப்பாகிவிட்டது.

நீங்கள் அறிந்திருக்கலாம், நான் எங்கள் ஊர் பகுத்தறிவு மன்றத்துக்குப் பதினெட்டு வருஷமாகச் செயலாளர். செய்வினை பொய் என்று பாபநாசம் வட்டம் முழுக்க மேடை போட்டுப் பேசியவன். மன்றத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுத்துமூலம் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு இளைய தோழர், "புளிப்புதானே வேணும், தக்காளி வெச்சிருக்கலாமே தோழர்" என்றார். எனக்குத் தோன்றவேயில்லை. மாப்பிள்ளை, தக்காளி வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. இதை நினைத்து நான் தினமும் வேதனைப்படுகிறேன்.

இப்போது ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் தன் ஓரகத்தியின் போட்டோவையும், வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஐந்தையும், புதுக் கத்தி ஒன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரவைத்து ஒரு மணி நேரம் மூடநம்பிக்கையின் தீமைகளை எடுத்துச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு அது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து கும்பிட்டு, "நீங்க சொன்னதெல்லாம் சரிங்கய்யா. அப்ப அமாவாசைக்கே வரட்டுங்களா?" என்றார். ஒரு நன்மை சொல்ல வேண்டுமென்றால், என் வயலுக்குத் தண்ணீர் முறை தவறுவதில்லை. மடையை யாரும் தொடுவதில்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இனிமேல்தான். ஊரிலிருந்து யாரோ கயல்விழிக்குப் போன் செய்து, உங்கப்பா உன் வீட்டுக்காரருக்கு அஞ்சு கத்தி வைத்து, பதினைந்தாம் நாள் என்று கெடு எழுதியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் முதலில் சிரித்தாளாம். அப்புறம் நீங்கள் தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டீர்கள். என்றைக்கு என்று கேட்டேன். அம்சம் சொன்னாள். மாப்பிள்ளை, நான் அறிவியல் படித்தவன். இருந்தும் காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினைந்தாம் நாள். இரண்டு தடவை எண்ணினேன். நான் உங்கள் கையை எதுவும் செய்யவில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கயல்விழி அவள் அம்மாவிடம், "அப்பாவுக்கு அவரு மேல இன்னும் இவ்வளவு கோவமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அம்சம் என்னைக் காப்பாற்றும் நோக்கத்தில், "கோவமெல்லாம் இல்லடி, ஆராய்ச்சி பண்றாரு" என்றிருக்கிறாள். உடனே போன் துண்டிக்கப்பட்டது. அதோடு இருபத்தாறு நாளாகிறது, அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அம்சம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். திரும்பி வரும் வழியில் அம்மனுக்கு மஞ்சள் சாத்தினாள். வீட்டுக்கு வந்து, "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நீங்க எழுதுறது ஒண்ணுதான் பாக்கி" என்று பேப்பரைக் கொண்டுவந்து வைத்தாள். கத்தியே வேண்டாம் என்பது அவள் கட்சி. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம், கையில் கொடுத்தால் சண்டை வருமாம், கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டுமாம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். நான் உங்களுக்கு எதுவும் வைக்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனேன், அது உண்மை. பஸ் ஸ்டாண்டில் நின்று பசியோடு மூன்று பஸ்ஸை விட்டேன், அதுவும் உண்மை. யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். கூப்பிட ஆள் வரவில்லை என்பதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் நீங்கள் எஃகைப் பற்றிக் கேட்டீர்கள். எஃகு என்றால் நான் பேசலாம். அதனால்தான் இவ்வளவு உயிரைக் கொடுத்தேன்.

இறுதிப் பரிந்துரை: 14சி28என். மூன்று நாள் பதிவில் அதன்மேல் ஒரு புள்ளிகூட விழவில்லை. நன்றாகத் தீட்டலாம், உடையாது, மழை தாங்கும். எதை வாங்கினாலும் தயவுசெய்து 1095 மட்டும் வாங்க வேண்டாம். எலுமிச்சம்பழத்தில் வைத்து ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது, மறுநாள் துரு. தினமும் துடைத்து, எண்ணெய் தடவி, குழந்தையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மறந்தால் போயிற்று. அறிவுள்ளவன் எவனும் அதைப் பையில் வைத்துக்கொள்ள மாட்டான். அதைச் சிபாரிசு செய்கிறவனை நான் சந்திக்க விரும்பவில்லை.

உங்களை ஆசீர்வதித்து முடிக்க வேண்டும். எந்தக் கடவுள் பெயரால் என்று தெரியவில்லை. உங்களுடையவர் எனக்கு அறிமுகம் இல்லாதவர், எனக்கென்று ஒருவரும் இல்லை, அம்சத்துக்கு இப்போது இரண்டாகிவிட்டது. வயதில் மூத்தவன் என்கிற ஒரே தகுதியில், நீங்களும் கயல்விழியும் கையும் காலும் பிசகாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் காதுக்கு இந்தச் செய்தி போயிருந்தால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கத் துணியாத,
கண்ணுசாமி.

பின்குறிப்பு: பகல் பன்னிரண்டரை. உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நீங்கள் இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "சட்டை மாட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே வந்தவன் இருபது நிமிஷமாக நெல் மூட்டைமேல் பேப்பரை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சட்டை அப்போதே மாட்டியாகிவிட்டது.

அடுப்படியில் கயல்விழி சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஐந்து கத்தியும் ஆய்வுக்கு வாங்கியவைதான் என்று ஹுமைரா அவளிடம் சொல்லிவிட்டாளாம். உங்கள் மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது. அந்தக் கையாலேயே பொட்டலத்தைப் பிரித்தீர்கள். "நீங்க பதில் சொல்லல மாமா. கடைக்காரரைக் கேட்டேன், அந்தக் காலத்துக் கத்தியெல்லாம் அனேகமா இந்த மாதிரி ஸ்டீல்தான்னாரு. அதான் இதையே வாங்கிட்டேன்" என்று சொல்லி, கையில் கொடுக்கக் கூடாது என்று உங்கள் அம்மா சொன்னதாக, முக்காலிமேல் வைத்தீர்கள். அலகின் அடியில் பொறித்திருப்பதைப் படித்தேன். 1095. பக்கத்தில் பாபநாசத்தில் வாங்கிய கொய்யாப்பழப் பை. எண்ணிப் பார்த்தேன், ஏழு இருக்கிறது. அன்றைக்கு நீங்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

எனவே மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடவும். என் பரிந்துரையை வாபஸ் வாங்குகிறேன். 1095 மிகவும் நல்ல எஃகு. தினமும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவுதான். எனக்கு நேரம் இருக்கிறது.

இதை முக்காலிமேல் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொள்கிறேன். பழத்தை உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து நறுக்குகிறேன். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், இரண்டு பேரும்.